வெண்டைக்காய்ப் பூவும் ஆயாம்மாவின் சுருக்குப்பையும்

மகள் எல்.கே.ஜி. படித்த வருடம், செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு முந்தின இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து ஒரு கண்ணாடி பாட்டிலுக்குப் பெயின்ட் அடித்தேன். தங்கக் கலரில் கொடி, நடுநடுவே கண்ணாடிச் சில்லு, கழுத்தில் சணல் கயிறு, உள்ளே குட்டி சீரியல் லைட். காலையில் யூனிஃபார்ம் போட்டு வந்து நின்றவள் அதைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கும்மா?" என்றாள்.

வகுப்பு வாசலில் மிஸ் அதை வாங்கிக்கொண்டு, "அட, அழகா இருக்கே! நீயா செஞ்சே?" என்று குனிந்து கேட்டார்.

"இல்ல மிஸ், எங்கம்மா. நான் தூங்கிட்டேன்."

உள்ளதைச் சொல்லிவிட்டுப் பையை மாட்ட உள்ளே ஓடிவிட்டாள். மிஸ் சிரித்தபடி எனக்கு நன்றி சொன்னார். திரும்பி நடந்து வரும் வழியெல்லாம் அந்த 'நான் தூங்கிட்டேன்' என்னை விடவில்லை. அந்த மிஸ்ஸோடு தினமும் நாலு மணி நேரம் இருக்கிறவள் அவள். நன்றி சொல்ல வேண்டியவளும் அவள்தான். அவளைத் தூங்கவைத்துவிட்டு நான் செய்த பொருள் அது.

யு.கே.ஜி.யில் வேறு மாதிரி செய்வோம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அப்படிச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையில் வாங்கிக் கொடுப்பதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் கையால் செய்வது என்று இறங்கினால் அதில் பிள்ளையின் கை இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதனால் ஐந்து வயதுக் கைக்கு என்ன வரும் என்பதில் தொடங்கித்தான் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படத்தில் பார்த்ததை வைத்துத் தொடங்கினால் கடைசியில் நாம்தான் ராத்திரி ஒரு மணி வரை உட்கார வேண்டியிருக்கும்.

என் அண்ணி திண்டுக்கல்லில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்க்கிறார். பாட்டில் கதையைச் சொன்னபோது அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா எங்க வீட்டு அலமாரியைத் திறந்து பாரு. பேனா ஸ்டாண்டு மட்டும் பதினொண்ணு இருக்கு. எதையும் தூக்கிப்போட மனசு வராது, வைக்கவும் இடமில்ல" என்றார். அப்புறம் எழுந்து போய் ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். நடுவில் ஒரு அரைத்தாள். கிரேயானில் ஒரு பெண், தலையைவிடப் பெரிய கொண்டை. கீழே 'மிஸ் பூ வைச்சா அழகு' என்று யாரோ பெரியவர்கள் பென்சிலில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை வரைந்த பையன் இப்போது பத்தாம் வகுப்பாம்.

அன்றைக்கு அவரிடம் இன்னொன்றும் கேட்டு வைத்துக்கொண்டேன். தினமும் பள்ளிக்கு என்னென்ன தூக்கிக்கொண்டு போகிறீர்கள்? சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், குடை, திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு. நோட்டுகளுக்கென்று தனிப் பை கிடையாது. ஜவுளிக்கடைக் கட்டைப்பைதான். அதன் காது மூன்று மாதத்தில் பிய்ந்துவிடும். துணிப்பை தைக்கலாம் என்ற யோசனை அங்கேதான் வந்தது.

எப்போது கொடுப்பது என்பதையும் மாற்றினோம். செப்டம்பர் 5 டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தநாள். 1962 முதல் அதை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு எல்லா வீட்டுப் பொருளும் ஒன்றாக மேஜையில் குவியும். பஸ்ஸில் போகிற மிஸ் அத்தனையையும் எப்படி எடுத்துப் போவார்? அதோடு ஜூனில் பள்ளி திறந்து மூன்றே மாதம்தான் ஆகியிருக்கும். வாசலில் அழுவதை அப்போதுதான் நிறுத்தியிருப்பார்கள் சின்னப் பிள்ளைகள். மிஸ் அவர்களுக்கு என்ன செய்தார் என்று நமக்கே சரியாகத் தெரிந்திருக்காது. ஆசிரியர் தினத்துக்கு ஒரு பூவும் ஒரு வணக்கமும் போதும். பரிசை வருடக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம்.

மார்ச்சில் பள்ளி டைரியில் எழுதி அனுமதி கேட்டேன். சில பள்ளிகளில் எதையும் வாங்கக் கூடாது என்று விதியே இருக்கும், செய்து முடித்தபின் தெரிந்தால் பிள்ளைதான் வாடிப்போகும். வகுப்பு மிஸ் போனில் கூப்பிட்டார். "விலை கூடினது எதுவும் வேண்டாம்மா. மத்தப் பிள்ளைங்க முன்னாடியும் வேண்டாம், அதுங்க மனசு சங்கடப்படும்." இரண்டும் நியாயமாகப் பட்டது.

யார் யாருக்கு என்று மகளிடமே கேட்டேன். வகுப்பு மிஸ், தமிழ் மிஸ், ஆயாம்மா, வேன் மாமா என்று நாலு விரலை மடக்கினாள். நான் இரண்டு மிஸ்களோடு நிறுத்தியிருப்பேன். ஆயாம்மாவை மூன்றாவது விரலாக அவள்தான் மடக்கினாள்.

சரி, இரண்டு மிஸ்ஸுக்கும் பை தைக்கக் காடாத் துணி, அதாவது சாயம் போடாத கெட்டிப் பருத்தி. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் 48 அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் வாங்கினேன். 15 அங்குல அகலம், 34 அங்குல நீளத்தில் அதில் மூன்று துண்டு வரும். மிச்சத்தில் கைப்பிடிகளும் வந்துவிடும். இரண்டு பைக்கு ஏன் மூன்று துண்டு என்றால், ஒன்று கெட்டுப்போகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கெட்டது.

கெட்டதற்குக் காரணம் நான். ஆசையில் துணியை அலசாமலே முதல் துண்டை வெட்டி அச்சு வைக்க விட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காய்ந்தபின் சோதனைக்காக நனைத்து லேசாகத் தேய்த்தேன். பாதிப் பூ கையோடு வந்துவிட்டது. புதுக் காடாவில் கஞ்சி இருக்கும், பெயின்ட் அந்தக் கஞ்சி மேல்தான் உட்காரும், நூலுக்குள் இறங்காது. மிச்சத் துணியை வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, இரண்டு தடவை அலசிக் காயப்போட்டு இஸ்திரி போட்டேன். துணி கொஞ்சம் சுருங்கவும் செய்தது. தைத்தபின் சுருங்கியிருந்தால் பை கோணிக்கொண்டிருக்கும். ஆக, அலசி, காயவைத்து, அப்புறம்தான் வெட்ட வேண்டும்.

அச்சுக்கு வெண்டைக்காய். குறுக்கே வெட்டினால் ஐந்து முனையில் ஒரு பூ, நடுவே விதைக்குழிகள். இதற்குச் சமையலுக்கு ஆகாத முற்றின காய்தான் வேண்டும். பிஞ்சு இரண்டாவது அழுத்திலேயே நசுங்கிவிடும், கொழகொழப்பு பெயின்டோடு கலந்து இழையும். முற்றினதை வெட்டி, வெட்டுவாயைப் பழைய துணியில் ஒற்றி, ஒரு மணி நேரம் காற்றில் விட்டால் கொழகொழப்பு அடங்கிவிடும். காம்புப் பக்கம் மூன்று அங்குலமாவது விட்டு வெட்டினால் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள வாகாக இருக்கும். பாகற்காய் பல்சக்கரம் மாதிரி விழுந்தது. வாழைத்தண்டில் நீர் விட்டுக்கொண்டே இருந்ததால் சரிப்படவில்லை.

ஃபேப்ரிக் பெயின்டில் 15 மி.லி. பாட்டில் நாலு வாங்கினோம்: மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை. காயை நேரே பெயின்டில் முக்கினால் அச்சு விழாது, குழம்பும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு புதுத் துண்டை நனைத்துப் பிழிந்து தட்டில் வைத்து, அதன் மேல் ஒரு ஸ்பூன் பெயின்டைத் தடவினேன். காயை அந்த ஸ்பாஞ்சில் ஒரு தட்டு, துணியில் ஒரு அழுத்து. துணிக்கு அடியில் நாலாய் மடித்த பழைய பெட்ஷீட். மெத்தென்று ஏதாவது இருந்தால்தான் அச்சு முழுசாக விழுகிறது. தைத்த பையின் மேல் அச்சு வைக்க வேண்டாம். தட்டையான துண்டில் வைத்து, அப்புறம் தைப்பதுதான் சௌகரியம். தையலுக்குள் போகிற ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, "இந்தக் கோட்டுக்குள்ள உன் இடம்" என்று சொல்லிவிட்டேன்.

அதன்பின் நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. முதல் வரிசையில் நாலு பூ நேராக வைத்தவள், ஐந்தாவதை நாலாவதின் மேலேயே வைத்தாள். "இங்க தள்ளி வைடா தங்கம்" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்தினேன். இன்னொரு முறையும் நகர்த்தினேன். மூன்றாவது முறை காயைத் தட்டில் வைத்துவிட்டு, "நீயே பண்ணிக்கோம்மா" என்று எழுந்து போய்விட்டாள். கோபமெல்லாம் இல்லை. இது அம்மா வேலை போல என்று விட்டுக்கொடுத்துப் போகிற குரல். அந்தக் குரல்தான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் வை, நான் அடுப்படியில் இருக்கிறேன் என்றேன். வெங்காயம் உரித்து முடித்து வந்து பார்த்தால், ஒரு மூலையில் நெருக்கமாய்ப் பதினைந்து இருபது பூ, ஒன்றின் மேல் ஒன்று, சிவப்பும் மஞ்சளும் கலந்து ஆரஞ்சாகி. மற்ற இடமெல்லாம் காலி, எதிர் மூலையில் ஒற்றை நீலப் பூ. "இது எங்க கிளாஸ். நாங்க எல்லாரும் பாய்ல உக்காந்திருக்கோம். அது மிஸ்" என்றாள். நான் கையைப் பிடித்து நேர்வரிசையாக வைத்திருந்தால் அந்த வகுப்பறை வந்திருக்காது. அந்தத் துண்டுதான் வகுப்பு மிஸ்ஸின் பை ஆனது.

ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரவைக்கவில்லை. அதற்குமேல் அந்த வயதுக்குக் கை ஓயும், மனசும் ஓயும். பள்ளியின் கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே தொடங்கியதால் அவசரம் இல்லை. அச்சு வைத்ததை ஒரு முழு நாள் காயவிட்டு, மறுபக்கமாகத் திருப்பி, சூடான இஸ்திரிப் பெட்டியால் நின்று நிதானமாகத் தேய்த்தேன். மூன்று நாள் கழித்து நனைத்துப் பார்த்தேன். இந்த முறை ஒரு பூவும் அசையவில்லை.

தையல் என் வேலை. அம்மா வீட்டுக் கால் மிஷினில் தைத்தேன். துண்டின் நீளம் பாதியாகும்படி இரண்டாய் மடித்தால் அடிப்பக்கம் மடிப்பாகவே வரும், அங்கே தையலே வேண்டாம். பக்கவாட்டில் அரை அங்குலம் விட்டு இரட்டைத் தையல். மேலே ஒன்றரை அங்குலம் மடிப்பு. பையை உள்பக்கமாகத் திருப்பி, அடிமூலை இரண்டையும் முக்கோணமாக இழுத்துப் பிடித்து, மூன்று அங்குல அகலம் வருகிற இடத்தில் குறுக்கே ஒரு தையல் போட்டால் அடி தட்டையாகிவிடும், நோட்டுகள் சாயாமல் நிற்கும். கைப்பிடிக்கு 4 அங்குல அகலம், 22 அங்குல நீளத்தில் ஒரு பட்டை. நாலாய் மடித்தால் ஒரு அங்குலம். ஒட்டுகிற இடத்தில் வெறும் நேர்த்தையல் போடாதீர்கள், பாரம் அங்கேதான் இழுக்கும். சதுரமாக ஒரு தையல் ஓட்டி, உள்ளே பெருக்கல் குறி போல இன்னொன்று. தைத்து முடித்ததும் வீட்டில் இருந்த நோட்டுப் புத்தகத்தையெல்லாம் அள்ளிப் போட்டு, வீட்டுக்காரரைத் தெருமுனை வரை தூக்கிப்போகச் சொன்னேன். காது அசையவில்லை.

ஆயாம்மாவுக்கும் இதே பையா என்று யோசித்தபோது அம்மாதான் தடுத்தார். "அவங்க என்ன நோட்டா தூக்கப்போறாங்க? இடுப்புல என்ன வச்சிருக்காங்கன்னு பாரு." பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கவரில் சில்லறை, சாவி, பாக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தார். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று இருந்தது. அரக்குச் சிவப்பு, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆன துணி. அதில் 8க்கு 16 அங்குலத்தில் ஒரு துண்டு வெட்டிச் சுருக்குப்பை தைத்தோம். மகள் அந்த வெள்ளைப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, "இதுவும் வெண்டைக்காயா அம்மாச்சி?" என்று கேட்டாள். அம்மா கைக்குட்டையில் ஒரு பாசிப்பயறை வைத்து நூல் சுற்றிக் காட்டினார். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, அவிழ்த்தால் புள்ளி. ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள் என்று அம்மா சொன்னதும் கண்ணை விரித்தாள்.

சுருக்குப்பையில் பிள்ளைக்கு அருமையான வேலை ஒன்று இருக்கிறது: நாடா கோப்பது. பாவாடைக்குக் கோப்பதுபோல நாடா முனையில் ஒரு பெரிய ஊக்கைக் குத்தி மூடி, அவள் கையில் கொடுத்துவிட்டேன். துணிக்குள் ஊக்கைத் தடவித் தடவி நகர்த்த வேண்டும். முன்னால் தள்ளி, பின்னால் துணியைச் சுருக்கி, மறுபடி தள்ளி. ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் ஆனது. நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். இரண்டு நாடா, ஒன்று இந்தப் பக்க வாயில் நுழைந்து சுற்றி அங்கேயே வெளியே வரும், இன்னொன்று எதிர்ப்பக்கம். இரண்டையும் இழுத்தால் வாய் இறுகும். முதல்தடவை இழுத்து அது 'சுருக்'கென்று மூடியபோது அவள் போட்ட கூச்சல் மாடி வீடு வரை கேட்டது.

வேன் மாமாவுக்குப் பருப்புப்பொடி. அளந்து போட்டது அவள், வறுத்தது நான். ஏப்ரல் வெயிலில் வேனில் கிடக்கும் என்பதால் பால் இனிப்பு எதுவும் வேண்டாம் என்று வைத்தோம். மொத்தச் செலவு 400 ரூபாய்க்குள்.

இதெல்லாம் தயாரான பிறகும் மனசுக்கு நிறைவாக இல்லை. அண்ணி டைரியில் வைத்திருந்த அந்த அரைத்தாள் நினைவில் இருந்தது. "மிஸ்ஸுக்கு என்ன எழுதலாம்?" என்று கேட்டேன். "நல்லா பாடம் சொல்லிக் குடுத்தாங்க" என்று ஒப்பித்தாள். எங்கேயோ கேட்டதைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. கேள்வியை மாற்றினேன். "மிஸ் எப்பல்லாம் உன் பக்கத்துல வந்து உக்காந்தாங்க?" அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. குளிக்கும்போது ஒன்று, தலை பின்னும்போது ஒன்று என்று ஒரு வாரம் வந்துகொண்டே இருந்தது. அவள் வாய்ச்சொல்லை மாற்றாமல் கையில் கிடைத்த தாளில் குறித்துவைத்தேன்.

வகுப்பு மிஸ்ஸுக்கு: "நான் வாந்தி எடுத்தப்ப நீங்க மூக்க மூடல." தமிழ் மிஸ்ஸுக்கு: "எனக்கு ழ வந்ததும் நீங்க கை தட்டுனீங்க." ஆயாம்மாவுக்கு: "தோசை காஞ்சு போச்சுன்னா தண்ணி தொட்டுப் பிச்சுக் குடுப்பீங்க." முதல் இரண்டும் எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. வாந்தி எடுத்தாள் என்று டைரியில் எழுதி அனுப்பியிருந்தார்கள், அவ்வளவுதான். கையால் செய்கிற பொருள் எதுவும் வேண்டாம், நேரமில்லை என்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கீழே அவள் பெயரையும் 'நன்றி'யையும் அவளே எழுதினாள். வல்லின ற வரவில்லை, 'நன்ரி' என்று விழுந்தது. அழிக்கச் சொல்லவில்லை.

கடைசி நாள் பிள்ளைகள் கலைந்தபின் கொடுத்தோம். வகுப்பு மிஸ் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒற்றை நீலப் பூவைத் தொட்டு, "இது என்ன தனியா?" என்றார். "நீங்கதான் மிஸ்." அப்புறம் சீட்டைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கைப்பையின் ஜிப்புக்குள் வைத்து மூடிவிட்டு, அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஆயாம்மா சீட்டை அவளிடமே நீட்டி, "நீயே வாசி தாயி" என்றார். அவளுக்கு வாசிக்க வராது, மனப்பாடமாகச் சொன்னாள். ஆயாம்மா அங்கேயே நின்று பிளாஸ்டிக் கவரைப் பிரித்து, சில்லறையையும் சாவியையும் சுருக்குப்பைக்குள் மாற்றி, நாடாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வருடம் ஒரே வாரத்தில் ஞாபகப்படுத்திக் கேட்டதால் எத்தனையோ விட்டுப்போயிருக்கும். அதனால் ஜூனிலேயே ஒரு பிஸ்கட் டப்பாவை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டோம். பள்ளி விட்டு வந்ததும் எப்போதாவது ஏதாவது சொல்வாள், அதே சொல்லில் ஒரு துண்டுத்தாளில் எழுதி, தேதி போட்டு உள்ளே போட்டுவிடுவேன். ஏப்ரலில் என்ன பொருள் செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. டப்பாவில் இதுவரை ஒன்பது சீட்டு சேர்ந்திருக்கிறது. கடைசியாகப் போட்டது: "மழ வந்துச்சு. மிஸ் பாடத்த நிப்பாட்டிட்டு எங்க எல்லாரையும் ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க."